ஒரே உயிரி, இரண்டு உடல்கள்: வகைமை மரபு திரைப்பாணியைத் தீர்மானிக்கும் விதம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு படத்தின் பாணியை அதன் வகைமை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் பதிலாக வரும். திகில் படத்துக்கு இருட்டு, போர்ப்படத்துக்குப் புகையும் வெடியும், காதல் படத்துக்கு மழை. பட்டியலில் தவறில்லை. ஆனால் அது எதையும் நிறுவுவதுமில்லை. ஒரு திகில் படத்தில் இருக்கும் இருட்டு வகைமையின் மரபால் வந்ததா, கதையின் தேவையால் வந்ததா, இயக்குநரின் சுபாவத்தால் வந்ததா, அல்லது முழு அரங்கத்தையும் கட்டப் பணமில்லாததால் வந்ததா என்று அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கதைப்பொருள் அப்படியே இருக்க, வகைமை மட்டும் மாறிய இரண்டு படங்கள் கிடைத்தால்தான் ஓரளவு பிரித்தறியலாம்.

அப்படி ஓர் இணை இருக்கிறது. 1979 மே மாதம் வெளிவந்த ‘ஏலியன்’, 1986 ஜூலையில் வெளிவந்த அதன் தொடர்ச்சியான ‘ஏலியன்ஸ்’. முதல் படத்தை இயக்கியவர் ரிட்லி ஸ்காட், இரண்டாவதை இயக்கியவர் ஜேம்ஸ் கேமரன். இரண்டிலும் நாயகி சிகர்னி வீவர் நடித்த ரிப்ளி. இரண்டிலும் உயிரி ஒன்றே: சுவிட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகரின் தூரிகையில் பிறந்த, கண்களற்ற, நீண்ட மண்டையும் வாய்க்குள் இன்னொரு வாயும் கொண்ட அந்த உருவம். முட்டை, முகத்தைக் கவ்விக்கொள்ளும் சிற்றுயிரி, மார்பைப் பிளந்துகொண்டு வரும் குட்டி, அமிலமாக ஓடும் ரத்தம் என்ற வாழ்க்கைச் சுழற்சியும் மாறவில்லை. அது முதலில் கிடைத்த கோளும், மனித உயிரைவிட லாபத்தைப் பெரிதாக நினைக்கும் நிறுவனமும்கூட அவையேதான்.

மாறியது வகைமை. முதல் படம் விண்கலத்துக்குள் நடக்கும் பேய்வீட்டுக் கதை. தப்பிக்க வழியில்லாத ஒரு கட்டடம், உள்ளே ஏழு பேர், அவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் ஒன்று. இரண்டாவது படம் ஒரு போர்ப்படம். ஆயுதம் தரித்த ஒரு படைப்பிரிவு, அனுபவமற்ற ஓர் அதிகாரி, எண்ணிக்கையில் மிகுந்த எதிரி.

வகைமைகளை ஆராய்ந்த ரிக் ஆல்ட்மன் 1984இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு வகைமைக்கு இரண்டு அடுக்குகள் உண்டு என்றார். ஒன்று, திரையில் தென்படும் பொருள்கள்: விண்கலம், துப்பாக்கி, அரக்கன். மற்றது, அந்தப் பொருள்களை ஒன்றோடொன்று பிணைக்கும் உறவு: யார் யாரைத் துரத்துகிறார்கள், யாரால் எதைச் செய்ய முடியும், எந்த ஒழுங்கு குலைகிறது, எது மீள்கிறது. நம் இணையில் முதல் அடுக்கு ஏறக்குறைய பொதுவானது. இரண்டாம் அடுக்கு முழுக்க வேறு. ஆகவே இவ்விரு படங்களின் பாணியில் தெரியும் வேறுபாட்டைப் பின்தொடர்ந்தால், அந்த இரண்டாம் அடுக்கு கேமராவையும் கத்தரிக்கோலையும் ஒலிக்கலவையையும் எப்படி ஆட்டுவிக்கிறது என்று பார்க்கலாம்.

காத்திருப்பில் என்ன நடக்கிறது

முதலில் ஓர் ஒற்றுமை. இரண்டு படங்களும் நம்மைக் காக்க வைக்கின்றன. 117 நிமிடம் ஓடும் முதல் படத்தில், உயிரி மார்பைப் பிளந்துகொண்டு வெளிவருவது ஏறத்தாழ நடுப்பகுதியில். 137 நிமிடம் ஓடும் இரண்டாவது படத்தில், முதல் மோதல் நடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கிறது. ‘முதலாவது மெதுவான படம், இரண்டாவது வேகமான படம்’ என்று நினைவிலிருந்து பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. காத்திருப்பின் அளவில் பெரிய வேறுபாடில்லை. அந்த நேரம் எதைக் கொண்டு நிரப்பப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

‘ஏலியன்’ தொடங்கும்போது திரையில் மனிதர் எவரும் இல்லை. ஆள் நடமாட்டமற்ற நடைபாதைகளின் வழியே கேமரா மெல்ல நகர்கிறது. காற்றில் காகிதம் அசைகிறது. ஆளில்லாத இருக்கையின் முன்னே வைத்த தலைக்கவசத்தில், கணினித் திரையின் எழுத்துகள் பிரதிபலித்து ஓடுகின்றன. அதற்குப் பிறகுதான் உறக்கப் பேழைகள் திறக்கின்றன. பேய்வீட்டுக் கதையில் வீடுதான் முதல் பாத்திரம். அதில் குடியிருப்பவர்களைச் சந்திப்பதற்கு முன்பே வீட்டின் மூலை முடுக்குகளை நாம் அறிந்தாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நாம் பயப்படப் போவது அந்த மூலைகளுக்குத்தான். நகரும் கேமராவுக்குப் பின்னால் யாருடைய பார்வை இருக்கிறது என்பதைப் படம் சொல்வதில்லை. கப்பலே தன்னைப் பார்த்துக்கொள்கிறதோ என்ற சந்தேகம் அப்போதே விழுந்துவிடுகிறது.

‘ஏலியன்ஸ்’ தன் காத்திருப்பைப் பேச்சால் நிரப்புகிறது. வீரர்கள் விழித்தெழுகிறார்கள், முனகுகிறார்கள், ஒருவரையொருவர் கிண்டலடிக்கிறார்கள். சார்ஜென்ட் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு அதட்டுகிறார். (அந்த வேடத்தில் நடித்த அல் மாத்யூஸ் உண்மையிலேயே வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க மரைன் படை வீரர். அந்த அதட்டல் ஒத்திகை பார்த்து வந்ததல்ல என்பது காதுக்கே தெரியும்.) பிறகு பணி விளக்கக் கூட்டம், ஆயுதம் தரித்தல், வீறாப்புப் பேச்சு, இறங்குகலத்தில் பயணம். போர்ப்படத்தின் மரபில் முதல் ஒரு மணி நேரம் நாம் மனிதர்களைக் கற்றுக்கொள்ளும் நேரம். யார் வாயாடி, யார் அமைதியானவன், யார் யாருக்கு உயிர் நண்பர் என்று தெரிந்தால்தான், பின்னால் அவர்கள் விழும்போது அது ஓர் எண்ணிக்கையாக இல்லாமல் இழப்பாக இருக்கும்.

கேமரா எங்கே நிற்கிறது என்பதும் இதன்படியே அமைகிறது. முதல் படத்தில் வெற்றிடத்துக்குச் சட்டகத்தில் நிறைய இடம். இரண்டாவது படத்தில் உடல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் குழுக்காட்சிகளுக்கு இடம்.

இரண்டு சாப்பாட்டு மேசைகள்

இரண்டு படங்களிலும் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் காட்சி ஒன்று இருக்கிறது. இந்த ஆய்வுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டிலும் ஒரு விண்கலத்தின் சாப்பாட்டு அறை, வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வகைமை மட்டும் வேறு.

முதல் படத்தின் மேசையில் பதவி வேறுபாடு இருந்தாலும், உட்காரும் முறையில் அது தெரிவதில்லை. எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி, ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசியபடி சாப்பிடுகிறார்கள். ஸ்காட் இந்தக் காட்சியில் வெள்ளை அறையைத் தேர்ந்தெடுத்தார். படத்தின் பெரும்பகுதியை ஆளும் இருட்டு இங்கே இல்லை. திகில் படம் பார்த்துப் பழகியவருக்கு வெளிச்சமும் சிரிப்பும் கூட்டமும் ‘இங்கே ஒன்றும் நடக்காது’ என்ற உறுதிமொழி. படம் அந்த உறுதிமொழியைத்தான் மார்போடு சேர்த்துக் கிழிக்கிறது. ஜான் ஹர்ட் நடித்த கேன் இருமுகிறார், மேசையில் சாய்கிறார், சட்டை ரத்தத்தால் சிவக்கிறது. குட்டி வெளியே வரும் என்பதை நடிகர்கள் அறிந்திருந்தார்கள். ரத்தம் எவ்வளவு, எந்தத் திசையில் பீய்ச்சும் என்பதை அறியவில்லை. முகத்தில் ரத்தம் தெறித்தபோது சக நடிகை வெரோனிகா கார்ட்ரைட் அலறியது நடிப்பல்ல. பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பிடித்த காட்சி அது.

கவனிக்க வேண்டியது, மரபை மீறுவதற்கும் மரபுதான் தேவைப்படுகிறது என்பது. இருட்டில்தான் ஆபத்து என்று பல பத்தாண்டுகளாகத் திகில் படங்கள் நம்மைப் பழக்கியிராவிட்டால், அந்த வெள்ளை அறை வெறும் வெள்ளை அறையாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது படத்தின் சாப்பாட்டுக் காட்சியில் மேசைகள் இரண்டு. வீரர்கள் ஒரு மேசையில். லெப்டினன்ட், நிறுவனத்தின் ஆள், ரிப்ளி ஆகியோர் இன்னொரு மேசையில். நம்மோடு உட்கார்ந்து சாப்பிடப் புது லெப்டினன்டுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது என்று ஒரு வீரர் முணுமுணுக்கிறார். போர்ப்படத்தில் இது எவ்வளவு பழைய வரி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரிக்கும் அணியினருக்கும் நடுவே உள்ள இடைவெளி, பின்னால் களத்தில் உயிரிழப்பாக மாறும் என்பது அந்த வகைமையின் அடிப்படை இலக்கணங்களுள் ஒன்று. கேமரன் அதை வசனத்தில் மட்டும் வைக்காமல் அறையின் அமைப்பிலேயே வைக்கிறார். ஒரு மேசையிலிருந்து மற்றதைப் பார்க்கும் ஷாட்களாகக் காட்சி வெட்டுப்படுகிறது. இங்கும் ரத்தம் வருகிறது, ஆனால் வெள்ளையாக: விரல்களுக்கிடையே கத்தியைக் குத்தி விளையாடிய பிஷப் என்ற குழு உறுப்பினனின் விரலில் சிறு கீறல், அதிலிருந்து கசியும் பால்போன்ற திரவம், அவன் மனிதனல்லன், செயற்கை மனிதன் என்று ரிப்ளிக்குத் தெரிந்துவிடும் கணம். அதே கத்தி விளையாட்டு வீரர்களுக்கு வேடிக்கை. முதல் படத்தின் மேசை எல்லோரையும் ஒரே அதிர்ச்சியில் கட்டிப்போட்டது. இரண்டாவதில் மேசைகள் ஆட்களைத் தரம் பிரிக்கின்றன.

சுடக்கூடாது என்ற விதி

அமில ரத்தம் என்ற யோசனை உயிரியல் விநோதம்போல் தோன்றும். உண்மையில் அது வகைமைக்காகச் செய்த ஏற்பாடு. ‘ஏலியன்’ படத்தில், முகத்தைக் கவ்விய சிற்றுயிரியை வெட்ட முயலும்போது வழியும் துளி, கப்பலின் தளங்களை ஒன்றன்பின் ஒன்றாக அரித்துக்கொண்டு இறங்குகிறது. அந்த ஒரு காட்சிக்குப் பிறகு ‘ஏன் அதைச் சுட்டுத் தள்ளவில்லை?’ என்று எவரும் கேட்க முடியாது. சுட்டால் கப்பலின் ஓடு ஓட்டையாகும், எல்லோரும் சாவார்கள். எஞ்சியது மின்கோல், வலை, தீயுமிழும் கருவி. விரட்டலாம், அடைக்கலாம், கொல்ல முடியாது.

இந்த ஒரு தடை பாணியில் என்னவெல்லாம் செய்துவிடுகிறது என்று பாருங்கள். சண்டை இல்லாததால் சண்டைக்குரிய வெட்டுகள் இல்லை. தேடல்தான் இருக்கிறது. தேடலுக்கு நீண்ட ஷாட்கள் வேண்டும், ஒற்றை ஆள் வேண்டும், சத்தத்தில் இடைவெளி வேண்டும். கப்பல் ஊழியர் பிரெட் கப்பலின் பூனையைத் தேடிப் போகும் காட்சியில் ஏறக்குறைய எதுவுமே நடப்பதில்லை. உயரத்திலிருந்து தொங்கும் சங்கிலிகள் உரசிச் சலசலக்கின்றன. மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை நீருக்குக் காட்டி நிற்கிறார். அவ்வளவு நேரம் ஒரு மனிதன் நனைவதைப் பார்க்க நம்மை உட்கார வைப்பது திகில் மரபைத் தவிர வேறு எது? (அந்தப் பூனைக்குப் படத்தில் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை பல நடிகர்களுக்குக்கூடக் கிடைக்காது. பொய்யான அதிர்ச்சிக்கும் அது, உண்மையான ஆபத்துக்குத் தூண்டிலும் அது.)

‘ஏலியன்ஸ்’ இதே அமிலத்தை வைத்துக்கொண்டு துப்பாக்கிப் போர் நடத்தியாக வேண்டும். விதியை ரத்து செய்ய முடியாது, ரசிகர்கள் விடமாட்டார்கள். கேமரன் இடத்தை மாற்றினார். இப்போது நடப்பது விண்கலத்தில் அல்ல, ஒரு கோளின் மேற்பரப்பில் கட்டப்பட்ட குடியிருப்பில். சுவரில் ஓட்டை விழுந்தால் விழட்டும். அமிலம் இனி தடையில்லை. சுட்டவர்மேலே தெறித்துக் காயப்படுத்தும் எதிரியின் இன்னோர் ஆயுதம். சுட அனுமதி கிடைத்ததும் பாணியும் மாறுகிறது: துப்பாக்கி முனையின் ஒளிச்சிமிட்டல், சிதறும் உடல், அதைப் பார்த்து அலறும் முகம், மறுபடி துப்பாக்கி என்று குறுகிய ஷாட்களின் சுழற்சி.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உயிரிகளின் கூட்டுக்குள் படை முதன்முதலாக நுழையும்போது, அந்த இடம் அணுஉலையின் குளிர்விப்பு அமைப்புக்கு அடியில் இருப்பது தெரிய வருகிறது. சுட்டால் உலை வெடிக்கும். தோட்டாக்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி சார்ஜென்டுக்கு உத்தரவு வருகிறது. ஆக, போர்ப்படம் தன் வீரர்களை நிராயுதபாணிகளாக்கித்தான் திகில் படத்தின் வாசலைத் தாண்ட விடுகிறது. லண்டனில் கைவிடப்பட்டிருந்த ஆக்டன் மின்நிலையத்தில் அமைத்த அந்த அரங்கத்தில், உத்தரவு வந்த உடனேயே கேமராவின் நடை தளர்கிறது, பேச்சு குறைகிறது. தாக்குதல் தொடங்கியதும் இருவர் ஒளித்து வைத்திருந்த தோட்டாக்களை வெளியே எடுக்க, பாணி மறுபடி போருக்குத் தாவுகிறது. ஒரே காட்சித்தொடருக்குள் இரண்டு வகைமைகள் கைமாறுகின்றன. கைமாற்றுக்குக் கருவி தோட்டா.

உயிரிக்கு ஏன் இரண்டு உடல்கள்

1979இல் உயிரியின் உடைக்குள் இருந்தவர் பொலாஜி பதேஜோ என்ற நைஜீரிய மாணவர். ஏழடியை நெருங்கும் உயரம், மெலிந்த நீண்ட கைகால்கள். அப்படிப்பட்ட உடலைத் தேடிப் பிடித்த பிறகும் ஸ்காட் அதை முழுதாகக் காட்ட மறுத்தார். வழுவழுப்பான மண்டையின் வளைவு, வழியும் எச்சில், ஒரு வால், ஒரு கை. முழு உருவம் தெளிவாகத் தெரிவது படத்தின் கடைசி நிமிடங்களில்தான். முழுதாகக் காட்டினால் ஓர் ஆள் ரப்பர் உடை போட்டிருப்பது தெரிந்துவிடும் என்ற நடைமுறைப் பயமும் அதற்குக் காரணம். ஆனால் அந்தப் பயம் வேறொரு வகைமையில் வேறு தீர்வைத் தேடியிருக்கும். திகில் படத்தில் மறைப்பதே மரபு என்பதால், குறை அங்கே குணமாகப் பொருந்திக்கொண்டது.

1986இல் உயிரி ஒன்றல்ல, கூட்டம். கையில் இருந்த உடைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. உயிரி உருவங்களை வடிவமைத்த ஸ்டான் வின்ஸ்டன் குழு அவற்றை இலகுவாகச் செய்தது, நடனக்காரர்களும் சண்டைக் கலைஞர்களும் அணிந்தார்கள், பல கோணங்களில் எடுத்த துண்டுகளைப் படத்தொகுப்பு ஒரு படையாகப் பெருக்கியது. வழுவழுப்பான மண்டை மூடி போய், கீழிருந்த எலும்பு வரிகள் வெளித்தெரிந்தன. வேகமான அசைவில் அந்த மூடி உடைந்துவிடும் என்பது காரணம். சாக வேண்டிய உடல், ஓட வேண்டிய உடல், கூட்டமாக வர வேண்டிய உடல். தனித்துவமான ஒரு கொடுங்கனவாக இருந்தது போரின் காலாட்படையாகிவிட்டது. முதல் படத்தை வழிபடுகிறவர்கள் இதை இழப்பு என்பார்கள். இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றைக் கொடுங்கனவை வைத்துக்கொண்டு போர்ப்படம் எடுக்க முடியாது.

படை என்று வந்துவிட்டால் தளபதி வேண்டும். இரண்டாவது படத்தில் முட்டையிடும் ராணி உயிரி அந்தத் தேவையிலிருந்து பிறந்ததாகவே நான் பார்க்கிறேன். முதல் படத்துக்காகப் படமாக்கி, பின்னர் வெட்டப்பட்ட ஒரு காட்சியில், உயிரி தான் பிடித்த மனிதர்களையே முட்டையாக மாற்றுகிறது. அந்தச் சுழற்சியில் ராணிக்கு இடமே இல்லை. காட்சி வெட்டப்பட்டதால் ‘முட்டைகளை இட்டது யார்?’ என்ற கேள்வி திறந்தே கிடந்தது. போர்ப்படம் அந்தக் காலியிடத்தில் ஓர் எதிர்த்தலைவியை உட்கார வைத்தது.

ஒரு புள்ளி, பல புள்ளிகள்

இரு படங்களிலும் அசைவைக் காட்டும் கருவி ஒன்று வருகிறது. முதல் படத்தில் காற்றுக்குழாய்களுக்குள் தவழும் கேப்டன் டல்லஸ் ஒரு புள்ளி, உயிரி இன்னொரு புள்ளி. திரையில் இரண்டாம் புள்ளி முதலாவதை நெருங்குவதை வெளியிலிருந்து பார்க்கும் சக ஊழியர் லாம்பர்ட் கதறுகிறார். நாமும் பார்க்கிறோம், ஒன்றும் செய்ய முடியாது. டல்லஸுக்கோ தன் கையிலுள்ள விளக்கின் வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது.

கேமரன் அந்தக் கருவியை ஒலியாக மாற்றினார். துடிப்பு விரைகிறது, தூரத்தை மீட்டரில் ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டே வருகிறார், எண் குறைந்து அறையின் அளவைவிடச் சிறிதாகிறது. அறைக்குள் எதுவும் இல்லை. உயிரிகள் கூரைக்கு மேலே வருகின்றன. எண்ணைச் சொல்வது ராணுவப் பழக்கம். அந்தப் பழக்கம் தோற்கும் கணமே அங்கே பயம்.

அதேபோல் முதல் படத்தில் மரணங்கள் தனித்தனியாக, சாட்சியின்றி அல்லது மிகக் குறைந்த சாட்சியோடு நடக்கின்றன. இரண்டாவதில் முதல் பேரழிவை லெப்டினன்டின் கண்முன் உள்ள திரைகளில் பார்க்கிறோம். வீரர்களின் தலைக்கவசக் கேமராக்கள் அனுப்பும் சிதைந்த படங்கள், குலுங்கும் சட்டகங்கள், ஒவ்வொன்றாக அணையும் திரைகள். நேரடிக் கோரத்தைக் குறைத்துக் கட்டளைச் சங்கிலி அறுபடுவதைக் காட்டுவது போர்ப்படத்தின் தேர்வு. முன்பு மேசைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி இங்கே திரைக்கும் களத்துக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

இசை பற்றிச் சுருக்கமாக: ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் முதல் பட இசை இடம் தெரியாமல் பரவுகிறது, ஜேம்ஸ் ஹார்னரின் இரண்டாம் பட இசை முரசு கொட்டி அணிவகுக்கிறது. இதற்குமேல் விளக்க வேண்டிய அவசியமில்லை.

இதெல்லாம் இயக்குநரின் வேலை இல்லையா

வலுவான மறுப்பு இதுதான். ஸ்காட் விளம்பரப் படங்களில் கை தேர்ந்தவர், புகையையும் ஒளிக்கற்றையையும் காதலிப்பவர். கேமரன் இயந்திரங்களைக் காதலிப்பவர், நீலம் தோய்ந்த இரவுகள் அவருக்குச் சொந்தம். ஆகவே நான் வகைமையின் கணக்கில் எழுதியதையெல்லாம் இவர்கள் கணக்கில் எழுதிவிடலாமே?

சிலவற்றை எழுதத்தான் வேண்டும். 1982இல் துப்பறியும் கதை எடுத்தபோதும் ஸ்காட் அதே புகையையும் ஒளிக்கற்றையையும் கொண்டுவந்தார். அது வகைமை தந்ததல்ல. படச்சட்டகத்தின் அகலமும் அப்படித்தான். பிரம்மாண்டப் போர்க்காட்சிகளுக்கு அகலத்திரை என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அகலத்திரையைப் பயன்படுத்தியது மூடிய அறைகளில் நடக்கும் திகில் படம், போர்ப்படம் அதைவிடக் குறுகிய 1.85 விகிதத்தில் எடுக்கப்பட்டது. இங்கே வகைமை எதையும் கட்டளையிடவில்லை. கிடைத்த அகலத்தைத் தனக்கேற்றபடி பயன்படுத்திக்கொண்டது மட்டும்தான். ஒரு முகத்தை ஓரத்தில் நிறுத்தி, மீதிச் சட்டகத்தைக் காலியாக விட்டால், அந்தக் காலியிடமே அச்சுறுத்தும்.

ஆனால் இயக்குநர் ஒருவரே, படம் ஒன்றே, வகைமை மட்டும் நடுவில் மாறும் காட்சி ஒன்று இருந்தால் கேள்வியைத் தீர்க்கலாம். ‘ஏலியன்ஸ்’ அப்படி ஒரு காட்சியைத் தருகிறது. களைத்துப்போன ரிப்ளியும், குடியிருப்பில் உயிர்தப்பிய சிறுமி நியூட்டும் மருத்துவ அறையில் கட்டிலுக்கடியில் உறங்குகிறார்கள். விழிக்கும்போது துப்பாக்கி இல்லை, கதவு பூட்டியிருக்கிறது, இரண்டு சிற்றுயிரிகள் ஜாடிகளிலிருந்து அறைக்குள் விடப்பட்டிருக்கின்றன. கேமராவைப் பார்த்து ரிப்ளி கையசைத்துக் கத்துகிறார். மறுமுனையில் திரையை ஒரு கை அணைத்துவிடுகிறது.

அதாவது, போர்ப்படத்துக்குரிய ஆயுதம், அணி, தகவல் தொடர்பு மூன்றும் பறிக்கப்படுகின்றன. உடனே கேமரனின் பாணி ஏழு ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது. தரையோடு தரையாகக் கேமரா, அமைதி, எங்கோ சுரண்டும் ஒலி, சட்டகத்தின் ஓரத்தில் நொடிப்பொழுது தெரிந்து மறையும் கால்கள். உயிரி முழுதாகத் தெரிவதில்லை. தீயணைப்பு நீரைத் தூண்ட ரிப்ளி தீக்கொளுவியை உயர்த்திப் பிடிக்கிறார், அறை முழுக்க நீர் கொட்டுகிறது. பிறகு படைவீரர்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறார்கள். அந்த வினாடியிலிருந்து வெட்டுகள் மறுபடி குறுகுகின்றன, துப்பாக்கிகள் முழங்குகின்றன. அதே இயக்குநர், அதே ஒளிப்பதிவாளர், அதே அரங்கம். மாறியது பாத்திரங்களால் என்ன செய்ய முடியும் என்ற உறவு ஒன்றுதான்.

இதை வைத்து நான் எல்லையை இப்படி வகுப்பேன்: எதை மறைப்பது, எவ்வளவு நேரம் மறைப்பது, எப்போது காட்டுவது என்பவை பெரும்பாலும் வகைமையின் கையில். எதைக் கொண்டு மறைப்பது, புகையா நீரா நீல இருளா என்பது இயக்குநரின் கையில். எல்லாப் படங்களுக்கும் இந்தக் கோடு இதே இடத்தில் விழும் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு சான்றும் உண்டு. ‘ஏலியன்’ திரைக்கதையை எழுதிய டான் ஓ’பேனன், 1974இல் ஜான் கார்பெண்டருடன் சேர்ந்து எழுதிய ‘டார்க் ஸ்டார்’ படத்திலும் விண்கலத்துக்குள் வேற்றுயிரி ஒன்றைத் துரத்தும் பகுதி இருக்கிறது. அங்கே உயிரி ஒரு கடற்கரைப் பந்து. பந்துக்குக் கீழே இரண்டு பாதங்கள். நகைச்சுவை என்பதால் அது வெளிச்சத்தில் முழுதாக நிற்கிறது, நாம் பார்த்துச் சிரிக்க நேரம் தருகிறது. துரத்தும் மனிதன்தான் சட்டகத்தில் தடுமாறுகிறான்.

நடிகர் பட்டியலும் ஒரு மரபு

பாணி என்றால் ஒளியும் ஒலியும் மட்டுமல்ல. ‘ஏலியன்’ வெளிவந்தபோது முதல் பெயராக வந்தது கேப்டன் வேடத்தில் நடித்த டாம் ஸ்கெரிட்டின் பெயர். சிகர்னி வீவர் அன்று பரவலாக அறியப்படாதவர். திரைக்கதையில் பாத்திரங்கள் ஆணா பெண்ணா என்று குறிக்கப்படவில்லை, யாரும் எதிலும் நடிக்கலாம் என்று எழுதப்பட்டிருந்தது. படமும் பாதி தூரம்வரை எவரையும் நாயகராக முன்னிறுத்தாமல் கேமராவை ஏழு பேருக்கும் பங்கிடுகிறது. கேப்டன்தான் கடைசிவரை இருப்பார் என்று சாகசப் படங்கள் கற்றுக்கொடுத்த பழக்கத்தோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, டல்லஸ் காற்றுக்குழாயில் மறைந்தது இரட்டை அதிர்ச்சி. இரண்டாவது படத்துக்கு இந்தச் சலுகை இல்லை. ரிப்ளி சாக மாட்டார் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும். ஆகவே கேமரா அவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆபத்து அவருக்கு இல்லாததால் சிறுமிக்கு இடம்பெயர்கிறது.

முடிவுகள் இரண்டிலும் தீர்வு ஒன்றே: உயிரியை விண்வெளியில் தள்ளிவிடுவது. முதல் படத்தில் ரிப்ளி ஓர் ஒடுங்கிய அலமாரிக்குள் மூச்சை அடக்கி, பாட்டொன்றை முணுமுணுத்தபடி விண்வெளி உடைக்குள் நுழைகிறார். எதிரி சுவரோடு சுவராகச் சுருண்டு கிடக்கிறது. இருவரும் ஒரே சட்டகத்தில் நேருக்கு நேர் நிற்பது தவிர்க்கப்படுகிறது. இரண்டாவது படத்தில் ரிப்ளி சரக்கு தூக்கும் இயந்திரத்தை அணிந்து, வெளிச்சம் நிறைந்த கூடத்தில் நிமிர்ந்து வருகிறார். போருக்குத் தனிச்சண்டை வேண்டும், தனிச்சண்டைக்கு இரு உடல்களும் தலை முதல் கால்வரை ஒரே ஷாட்டில் தெரிய வேண்டும். பதினான்கு அடி உயர ராணிப் பொம்மையை அதற்காகவே கட்டினார்கள். 1979இல் ஸ்காட் எதைக் காட்டக் கூடாது என்று பாடுபட்டாரோ, 1986இல் அதையே காட்டுவதற்குப் பொருளும் உழைப்பும் கொட்டப்பட்டன.

மூன்றாவது படம் செய்த பிழை, அல்லது செய்யாத பிழை

டேவிட் ஃபின்ச்சர் இயக்கிய ‘ஏலியன் 3’ 1992இல் வந்தது. இடம் ஒரு சிறைக்கோள், துப்பாக்கிகள் கிடையாது, உயிரி மறுபடி ஒன்றே ஒன்று. படம் தொடங்கும்போதே சிறுமி நியூட்டும் ஹிக்ஸ் என்ற வீரனும் இறந்துவிட்டிருக்கிறார்கள். ரசிகர்கள் பலருக்கு இன்றுவரை ஆறாத கோபம் அது. இரண்டாவது படம் போர்ப்படத்துக்குரிய வாக்குறுதியோடு முடிந்திருந்தது: இவ்வளவு பேர் விழுந்தார்கள், இவர்களையாவது மீட்டோம் என்பது அந்த வாக்குறுதி. மூன்றாவது படம் திகிலுக்குத் திரும்ப நினைத்தது. திகிலுக்குத் தனிமை வேண்டும், குடும்பத்தோடு இருக்கும் ரிப்ளியை வைத்துக்கொண்டு அதை எடுக்க முடியாது. வகைமைக்கணக்கில் அந்தச் சாவுகள் சரியானவை. பார்வையாளர்களோ முந்தைய வகைமையின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஃபின்ச்சர் தன் பங்குக்கு, உயிரியின் பார்வையிலேயே சுவரிலும் கூரையிலும் ஓடும் அகன்ற லென்ஸ் ஷாட்களைச் சேர்த்தார். முதல் படத்தின் காலி நடைபாதைகளில் மெல்ல நகர்ந்த உரிமையாளரற்ற பார்வைக்கு அங்கே ஓர் உடல் கிடைத்துவிட்டது; பயம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.